என் குரல் எனக்கு மட்டும் புதிது

மார்ச் 3
அலுவலகக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு ஆள் மூக்கால் பேசுகிறார், ஒவ்வொரு சொல்லையும் இழுக்கிறார். யாரப்பா இது, சீக்கிரம் முடிக்கக்கூடாதா என்று எரிச்சலாக வந்தது. மூன்றாவது வாக்கியத்தில்தான் தெரிந்தது, அது நான்.

இரவு அக்காவுக்கு அந்தத் துண்டை அனுப்பினேன். “உன் குரல்தானேடா, இதிலென்ன?” என்றாள்.

மார்ச் 4
காரணம் எளிதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. தாழ்ந்த ஒலிகள் எலும்பில் நன்றாகக் கடப்பதால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் எலும்புக்கு வேலையில்லை. ஆக, என் குரல் என்று நான் நம்பியிருந்ததை என்னைத் தவிர ஒருவரும் கேட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த குரல் எனக்குத்தான் புதிது.

மார்ச் 7
முகமும் அப்படித்தானாம். 1977இல் ஒரு ஆய்வில், சில பெண்களின் புகைப்படத்தை நேராகவும், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியும் காட்டினார்கள். படத்திலிருந்தவர்களில் பெரும்பாலோர் மாற்றிய படத்தையும், அவர்களுக்கு நெருக்கமானவர்களில் பெரும்பாலோர் நேர்ப் படத்தையும் விரும்பினார்கள். பழகிய முகம்தான் அழகு, அவ்வளவுதான்.

மார்ச் 8
கண்ணாடியில் வகிட்டைப் பார்த்தேன். புகைப்படத்தில் மறுபக்கம் இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 12
இன்று பெரிய கூட்டம். பேசும்போது கை நடுங்கியது, காகிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். முடிந்ததும் உடன் வேலை செய்யும் பையன் வந்து, “உங்களுக்குப் பதற்றமே வராதா சார்?” என்றான். கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்கிறான்.

நம் உள்ளே நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக நினைத்துக்கொள்கிறோம் என்பதை உளவியலாளர்கள் 1998இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நிம்மதி தரவேண்டிய செய்தி. எனக்கோ ஏமாற்றுக்காரன் போல இருந்தது. ‘நிதானமான ஆள்’ என்ற பெயர் இருப்பதால் கோபக்கார வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்பெல்லாம் என்னிடம்தான் வருகிறது. பெயரைக் காப்பாற்ற நிதானமாகவே பேசுகிறேன். பத்து வருடம் இப்படி ஓடியபின் எது நடிப்பு, எது நான்?

சார்லஸ் கூலி என்ற சமூகவியலாளர் 1902இல் பிறரை, நம்மை நாம் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகச் சொன்னார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: நாம் பார்ப்பது அவர்கள் நினைப்பதையல்ல, அவர்கள் நினைப்பதாக நாம் நினைப்பதை. பிறர் என்ன நினைத்தால் என்ன என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

மார்ச் 15
அக்காவிடம் கை நடுங்கியதைச் சொன்னேன். “அன்றைக்கு ஒரு பதிவு அனுப்பினாயே, அதிலும் பயம்தானே? பயம் வந்தால் மெதுவாகப் பேசுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்” என்றாள், ஏதோ என் சட்டை அளவைச் சொல்வதுபோல.

அந்தப் பையனுக்கு அது நிதானம். எனக்கு அறுவை.

பதிவை மறுபடி போட்டேன். நான் இழுக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மேலாளர் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் எனக்கு அப்போது தெரியாது.