காவோலை என்று எழுதினால் என்னவாம்?

நேற்றுப் பின்னேரம் ஒரு தம்பி தன் கவிதையை வாசிக்கத் தந்தார். நல்லாத்தான் இருந்தது. ஆனால் ‘காய்ந்த பனையோலை’ என்று ஒரு வரி. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “காவோலை எண்டு எழுதினால் என்னவாம்?” என்றா.

அதுதான் விஷயம். வடலி, குருத்து, கங்குமட்டை, பன்னாடை, ஊமல் என்று ஒரு மரத்துக்கே இவ்வளவு சொல் வைத்திருக்கிற ஊர் எங்கட யாழ்ப்பாணம். இப்போது வருகிற கவிதைகளில் பனை மட்டும்தான் நிற்கிறது, அதுவும் பெரும்பாலும் தலையில்லாமல். (ஷெல் பட்ட பனையை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் நாங்கள் பார்த்ததுதான்.)

அளவெட்டிக் கவிஞர் ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தி 1971இல் காலமாகிவிட்டார். யாப்புக்குள்ளேயே ஊர்ப் பேச்சின் ஓசையைக் கொண்டுவந்தவர். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம், சனம் இடம்பெயர்ந்து வெறிச்சோடிய தன் தீவை ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று எழுதினார். தீவுப் பக்கம் போகிற பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது அதை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்.

தம்பி இன்று திருத்தி அனுப்பியிருக்கிறார். காவோலை வந்துவிட்டது. கூடவே கிணற்றடியில் தண்ணி அள்ளுகிற ஒரு துலாவும். அவர் வீட்டுக் கிணற்றில் இருப்பதோ வோட்டர் பம்ப்.