டார்ச் பிள்ளையின் கையில்

பள்ளிக்கூட நினைவு என்றால் எனக்கு முதலில் வருவது பாலர் வகுப்பு டீச்சரும் அவர் கட்டித் தொங்கவிட்ட வெள்ளைத் துணியும்தான். இன்று நானும் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். ஒளி, நிழல் பாடம் வந்தால் அவர் வழிதான் என் வழி.

அவர் எடுத்தவுடன் விளக்கம் சொல்ல மாட்டார். "நிழல் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எனக்குள்ளே இருந்து வருது, ராத்திரியிலிருந்து வருது என்று ஆளாளுக்குச் சொல்வோம். யாரையும் திருத்த மாட்டார். உளவியலாளர் ழான் பியாஜே 1920களில் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டு, ஏறக்குறைய இதே பதில்களை எழுதி வைத்திருக்கிறார் என்று ஆசிரியப் பயிற்சியில் படித்தபோது, டீச்சரின் பொறுமைக்குக் காரணம் புரிந்தது. சின்னப் பிள்ளைக்கு நிழல் ஒரு பொருள். ஒளி மறைக்கப்பட்ட இடம்தான் அது என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபடும். ஐந்து வயதில் வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அப்புறம் திரைச்சீலையை இழுத்துவிட்டு டார்ச்சை எங்களிடம் கொடுத்துவிடுவார். வெள்ளைத் துணிக்கு முன்னால் கையை நீட்டுவோம். கை டார்ச்சுக்குக் கிட்டப் போகப் போக நிழல் பூதாகாரமாகும். துணிக்குக் கிட்ட வந்தால் சுருங்கி, விளிம்பு கூர்மையாகும். ஒளி நேர்கோட்டில் விரிந்து போவதால், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கை அதிக ஒளியை மறிக்கிறது. இதை அவர் வாயால் சொன்னதாக நினைவில்லை. முன்னும் பின்னும் நடந்தே கண்டுபிடித்தோம். கரண்டி, மெல்லிய தாள், கண்ணாடித் தம்ளர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்போம். தம்ளருக்கும் மங்கலாக ஒரு நிழல் விழுந்ததே, அன்று அது பெரிய அதிசயம்!

இருட்டுக்குப் பயந்த பிள்ளைகளும் இருந்தார்கள். விளக்கை அணைக்கும் பொறுப்பை டீச்சர் அவர்களிடமே கொடுப்பார். வேண்டிய நேரம் திரும்பப் போடலாம். அணைத்ததும் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியின் கால், பக்கத்தில் இருப்பவரின் தலை என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும்; விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் செல்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, சில நிமிடங்களே போதும். இருட்டிலும் தன் கண் வேலை செய்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்வதைப் போல வேறெதுவும் பயத்தைத் தணித்து நான் பார்த்ததில்லை.

வெயில் நாளில் வெளியே போய், பாதத்தைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் சோக்கால் கோடு போடுவோம். காலையில் போட்ட பாதத்தடத்திலேயே மத்தியானம் வந்து நின்றால் நிழல் குட்டையாகி வேறு பக்கம் திரும்பியிருக்கும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் டீச்சர் கண்டிப்பு.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களில் பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு டார்ச்சைக் கொடுங்கள். அது பழகியதும் இரண்டாவதைக் கொடுங்கள். ஓர் ஆளுக்கு ஏன் இரண்டு நிழல் என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல், ஒன்றை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.