14 அங்குலத்தில் ஆரம்பியுங்கள்: சிறிய கலைக் கில்ட் செய்முறைத் தேர்வு

ரிசல்ட் வந்துவிட்டது. செய்முறையில் முதல் வகுப்பு. அடுத்த பேட்ச்சில் எழுதப்போகும் வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்துப் பெண்களுக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். மார்க் பிரிப்பு, நேரமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கேட்பது 12 அங்குலச் சதுரக் கில்ட்: மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்து, சுவரில் மாட்டும் வேலை. நீங்கள் மேல்துணியை 14 அங்குலத்துக்கு வெட்டுங்கள். பஞ்சு விரிப்பும் அடித்துணியும் அதைவிட ஒரு அங்குலம் கூடவே இருக்கட்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது. கடைசித் தையல் விழுந்து, துணி படிந்த பிறகுதான் 12-க்கு வெட்ட வேண்டும்.

நான் எடுத்த கரு பாலாறு. நடுவில் மணல், அதில் கால் அங்குல இடைவெளியில் நேர்வரிகள். இரண்டு கரைக்கும் குடியாத்தம் லுங்கித் துண்டுகள். மணலில் மட்டும் நெருக்கமாகத் தைத்துக் கரையைச் சும்மா விட்டால் நடுப்பகுதி சுருங்கும், ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளியும். அதனால் கரையிலும், லுங்கியின் கட்டத்தை ஒட்டியே, வரிகள் ஓட்டினேன். முதல் நாள் சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளித்து, தெர்மாகோல் பலகையில் இழுத்துப் பின் குத்தி வைத்தேன். வேலூர் வெயிலைத் திட்டாத நாள் அதுதான். மறுநாள் காலையில் பலகை போல் படிந்திருந்தது. ஆற்றில் மிச்சமிருக்கும் தண்ணீருக்காக வைத்திருந்த ஆரணிப் பட்டுத் துண்டை அதற்கப்புறம்தான் ஒட்டித் தைத்தேன். பட்டில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும்.

பக்கத்து மேஜைப் பெண் என்னைவிட அழகாகத் தைப்பாள். சரியாக 12-ல் வெட்டி ஆரம்பித்தாள். முடிக்கும்போது ஒரு பக்கம் குறைந்திருந்தது, அளவு மார்க் மொத்தமும் போயிற்று. அந்த நிறச் சேர்க்கைக்கு ஈடாக ஒரு மார்க்கும் தரவில்லை. இது நியாயமில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

மற்றவை:

- லுங்கித் துணியை முன்கூட்டியே அலசுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் மறுபடி அலசுங்கள்.
- பாலியஸ்டர் விரிப்பு என்றால் அயர்ன் சூட்டைக் குறையுங்கள். பழைய ஃபிளானல் துணி இருந்தால் அதுவே மேல்.
- மூன்று அடுக்கையும் பிடிக்கும் பின்களை நடுவிலிருந்து ஓரத்துக்குக் குத்துங்கள்.
- 14-ம் நம்பர் புது ஊசி.
- ஆம்பூர் தோல் துண்டு வைக்க ஆசையா? தோலில் விழுந்த ஓட்டை மறையாது. பிரித்துத் தைக்கலாம் என்று நினைக்காதீர்கள், தையலை நீளமாக வையுங்கள்.

மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு இஷ்டத்துக்கு வளைத்துத் தைக்கும் ஃப்ரீ மோஷன் எனக்குப் பிடிக்காது. மிதி மெஷினில் காலும் கையும் ஒத்துவரப் பல மாதப் பழக்கம் வேண்டும். நிதானமானவர்களுக்கு நேர்வரி போதும். வரியின் இடைவெளியிலேயே வெளிச்சமும் நிழலும் கொண்டுவரலாம்.

வாய்மொழித் தேர்வில் கோயில் தேரில் தொங்கும் துணித் தொம்பையைக் கேட்டார்கள், அது கில்ட்டா என்று. அது ஒட்டுத்துணி வேலை. நடுவில் பஞ்சடுக்கை வைத்து மூன்றையும் தையலால் பிடித்தால்தான் கில்ட். பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் கந்தா, கர்நாடகத்துக் கவுதி பற்றி இரண்டு வரி தெரிந்திருக்க வேண்டும். 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் கில்ட்களைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தது, 1979-ல் ஒஹையோவில் கில்ட் நேஷனல் என்ற கலைக் கில்ட் கண்காட்சி தொடங்கியது: இந்த இரண்டு ஆண்டும் எனக்குக் கைகொடுத்தன.

மாட்டுவதற்கான கம்பு நுழையும் குழாய்த் துணியைக் கையாலேயே தையுங்கள். ஊசி அடித்துணியை மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியக்கூடாது. தேர்வாளர் என் கில்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்த்தது பின்பக்கத்தைத்தான்.