ஒரு முழம்: ஆறு வாரக் குறிப்புகள்

ஜூன் 2, 2025, திங்கள்

பெயர் கொடுத்துவிட்டேன். ஜூலை 12, பெங்களூரு, அமெச்சூர் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம், தரைப் பிடி எல்லாம் கலந்த சண்டை), 70 கிலோ பிரிவு. மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். முழங்கையால் அடிக்கக் கூடாது, ஹீல் ஹுக் (குதிகாலைத் திருகும் பிடி) கிடையாது, காலுக்கு ஷின் கார்டு உண்டு. முப்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் வரிசையில் வரலாம். வரிசையில் முதல் ஆள் என் மனைவி.

ஐந்து வருடமாக ஜியு-ஜிட்சு பழகுகிறேன். கி என்கிற தடித்த சட்டை போட்டுக்கொண்டு, குத்து இல்லாமல், பிடியாலேயே எதிராளியைப் பணியவைக்கும் கலை. நீலப் பட்டை. எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து, அவன் இடுப்பைச் சுற்றி இரண்டு காலையும் பூட்டிவிடுவேன். அதற்குப் பெயர் க்ளோஸ்டு கார்டு, சுருக்கமாகக் கார்டு. அங்கே போய்விட்டால் எனக்கு வீட்டுத் திண்ணையில் சாய்ந்த மாதிரி. மூச்சு சீராகும், யோசிக்க நேரம் கிடைக்கும், அப்புறம் ஒரு ட்ரையாங்கிள், காலாலேயே கழுத்தைப் பூட்டி நெரிப்பது. என் சரக்கு அவ்வளவுதான், ஆனால் அதை வைத்தே இரண்டு போட்டியில் மெடல் வாங்கியிருக்கிறேன்.

இன்று கோச் ஒரு காலேஜ் பையனுக்குச் சின்ன க்ளவுஸ் மாட்டிவிட்டு, "அண்ணன் கார்டுக்குள்ள போய் உக்காரு. மூஞ்சில மெதுவா தட்டு, போதும்" என்றார். என் வலது கை பழக்க தோஷத்தில் அவன் சட்டைக் கையைத் தேடிப் போனது. சட்டை ஏது? வியர்வையில் வழுக்கும் மணிக்கட்டுதான் இருந்தது. விரல்கள் காற்றை மூடின, அந்த நேரத்தில் மூக்கில் ஒரு தட்டு. திரும்பத் தேடினேன், திரும்பத் தட்டினான். இரண்டு நிமிடத்தில் நாற்பதுக்கு மேல் வாங்கினேனாம். எண்ணியது கோச்.

கறுப்புப் பட்டைக்காரன் முகத்தில் ஒரு குத்து விட்டால் பழுப்பாகிவிடுவான், இன்னொன்று விட்டால் ஊதா என்று பிரேசில் ஜியு-ஜிட்சு ஆசான் கார்ல்சன் கிரேசி சொன்னதாக எல்லா ஜிம்மிலும் சொல்வார்கள். ஊதாவுக்கும் கீழான நீலத்தில் ஆரம்பித்தவன் எங்கே போய் நிற்பேன் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய சண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1993 நவம்பர் 12, டென்வர். முதல் யுஎஃப்சி, இன்று எம்எம்ஏயின் பெரிய மேடை. வெள்ளைக் கி உடையோடு வந்த ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்தார். இறுதிச் சுற்றில் ஜெரார்ட் கோர்டோ காதைக் கடித்தும்கூடக் கழுத்துப் பிடியிலிருந்து தப்பவில்லை. ஜியு-ஜிட்சு எவ்வளவு பெரிய கலை என்று காட்ட இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். இன்று எதிராளிகளின் முகத்தை மட்டும் பார்த்தேன். கீழே விழுந்ததும் என்ன நடக்கிறது என்றே தெரியாத முகம். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்ட மாதிரி.

2000 மே 1, டோக்கியோ டோம். அதே ராய்ஸ், எதிரில் ஜப்பான் மல்யுத்தக்காரர் கசுஷி சகுராபா. பதினைந்து நிமிட ரவுண்டாக ஆறு, மொத்தம் தொண்ணூறு நிமிடம் போன பிறகு ராய்ஸ் தரப்பிலிருந்து, போதும் என்று, துண்டு விழுந்தது. சகுராபா அந்தக் கி உடையையே கைப்பிடியாகப் பிடித்து இழுத்து விளையாடினார். 2006 மே மாதம் மேட் ஹியூஸ் அதே ராய்ஸை முதல் ரவுண்டிலேயே தரையில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார். ஹியூஸ் மல்யுத்தக்காரர், ஆனால் கார்டு என்றால் என்ன, ஆர்ம்பார் (முழங்கையை நீட்டி முறிக்கும் பிடி) எங்கிருந்து வரும் என்று தெரிந்தவர். பதிமூன்று வருடத்தில் ராய்ஸின் கலை குறைந்துபோகவில்லை. எதிரில் இருப்பவர்கள் நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பெங்களூரில் எனக்கு எதிரே நிற்கப்போகும் பையனும் வாரத்தில் இரண்டு நாளாவது ஜியு-ஜிட்சு பழகுகிறவனாகத்தான் இருப்பான்.

ஜூன் 11, புதன்

பாக்ஸிங் சொல்லித்தர வரும் அண்ணன் வியாசர்பாடிக்காரர். ஜியு-ஜிட்சு அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நான் கார்டில் படுத்துக்கொண்டு அடி வாங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், பாயோரம் வந்து குந்தினார். பூக்கார அம்மா அளப்பதுபோல முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டி, "அடிக்கு ஒரு முழம் வேணும்பா. நீ கரெக்டா அந்த ஒரு முழத்த அவனுக்குக் குடுத்துட்டு படுத்திருக்க" என்றார்.

கோச் இரண்டு வாரமாக வேறு வார்த்தைகளில் சொன்னதும் இதுதான். இப்போதுதான் மண்டையில் ஏறியது.

ஒன்று, முழத்தைக் கொடுக்கவே கூடாது. முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்து அவனை என் மேல் சரியவைத்து, ஒரு கையால் அவன் தோளுக்கு மேலிருந்து புஜத்தைச் சுற்றி ஓவர்ஹுக் போட்டு, என் தலையை அவன் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவன் அடிக்கலாம், ஆனால் விலாவில் செல்லமாகத் தட்டுவது மாதிரிதான் இருக்கும். இல்லையென்றால் இரண்டு முழமாகக் கொடுத்துவிட வேண்டும். பாதத்தை அவன் இடுப்பெலும்பில் வைத்துத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவது. ஒட்டு அல்லது விலகு. நடுவில் இருப்பது செத்த இடம். என் திண்ணை கட்டியிருப்பது சரியாக அந்த நடுவில்தான்.

கி உடையோடு உருளும்போது அந்த நடுவில்தான் வேலையே. சட்டைக் கையும் காலரும் என் பிடியில் இருக்கும், அவன் முதுகை நிமிர்த்தினாலும் ஆபத்தில்லை, நிமிரட்டும் என்று விட்டு அடுத்த வலையை விரிப்பேன். குத்து இருக்கிற ஆட்டத்தில் அவன் நிமிர்ந்தாலே எனக்கு நேரம் முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காலை மெரினா மணலில் பயில்வானோடு ஓட்டம். பயில்வான் என்பது நாங்கள் வைத்த பெயர். ஹரியானாவிலிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர், சின்ன வயதிலிருந்து மண்ணில் குஸ்தி போட்டவர். அவரை மல்லாத்துவது லேசில்லை. மல்லாந்தால் தோற்றதாகத்தான் அவர் உடம்பு நினைக்கிறது. முதுகு பாயைத் தொடுவதற்குள் துள்ளித் திரும்பிக் குப்புற விழுந்து, முட்டியில் எழுந்துவிடுவார். அப்படித் திரும்பும்போது முதுகைக் காட்டுவதால் மூன்றில் ஒரு தடவை நான் பின்னால் ஏறிக் கழுத்தைப் பிடித்துவிடுவேன். மீதி இரண்டு தடவை அவர் நின்றுகொண்டிருப்பார், நான் பாயில் உட்கார்ந்திருப்பேன்.

"நீ ஏன் படுக்கற? டயர்டா?" என்று தன் தமிழில் நிஜமான அக்கறையோடு கேட்டார். ஐந்து வருடக் கலையை இப்படி ஒரு வரியில் யாரும் விசாரித்ததில்லை.

மதியம் சுவரோரம் எழும் பயிற்சி. எங்கள் ஜிம்மில் கூண்டு இல்லை, மெத்தை அடித்த சுவர்தான். கீழே மாட்டிக்கொண்டால் இடுப்பால் நகர்ந்து நகர்ந்து சுவரைத் தேடிப் போவது, தோளைச் சாய்த்து உட்கார்வது, ஒரு கையை அவன் அக்குளுக்கு அடியில் நுழைத்து அண்டர்ஹுக், இன்னொரு கையைத் தரையில் ஊன்றிப் பிட்டத்தைச் சுவரோடு உரசிக்கொண்டே எழுவது. முப்பது தடவை. சாயங்காலம் ஆட்டோவில் உட்காரச் சிரமமாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

இன்று ஒரு முட்டாள்தனம். மவுண்டில், அதாவது எதிராளி நெஞ்சின் மேல், ஏறி உட்கார்ந்திருந்தேன். ஜெயித்த மாதிரிதான். காலேஜ் பையன் கையை நீட்டினான், ஆசையில் ஆர்ம்பாருக்குச் சாய்ந்தேன். வியர்வையில் கை உருவிக்கொண்டு போய்விட்டது. நான் கீழே, அவன் மேலே, மீதி இரண்டு நிமிடமும் அவனுக்கு.

ஜியு-ஜிட்சு போட்டியில் மவுண்டுக்கு 4 புள்ளி, முதுகில் ஏறினால் 4, கார்டைத் தாண்டினால் 3. வாங்கிய புள்ளி வாங்கியதுதான், அப்புறம் ஆர்ம்பார் தவறினாலும் பலகையிலிருந்து யாரும் அழிக்கமாட்டார்கள். இங்கே மவுண்டுக்கென்று தனி மதிப்பெண் இல்லை. அங்கிருந்து என்ன சேதம் செய்தாய் என்றுதான் நடுவர் பார்ப்பார். கீழே கிடந்தால், எவ்வளவு அழகான கார்டு வைத்திருந்தாலும், தோற்பவன் மாதிரிதான் தெரிவாய்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும்போது வெறுங்கை தாடைக்கு அடியில் பாம்பு மாதிரி நுழையும். க்ளவுஸ் போட்ட கை தாடை எலும்பில் முட்டி நின்றுவிடுகிறது. இன்னொரு கையை அவன் பிடரிக்குப் பின்னால் ஒளிக்கப் போனால் அங்கேயும் அந்தத் தடிமன் மாட்டுகிறது. கடைசியில் உள்ளங்கையோடு உள்ளங்கை கோத்து இறுக்கக் கற்றுக்கொடுத்தார் கோச்.

ட்ரையாங்கிளையும் பேசி முடித்துவிடுகிறேன், வலிக்கிற விஷயம் என்பதால். ஜியு-ஜிட்சு போட்டியில் தூக்கி அடித்தால் வெளியேற்றிவிடுவார்கள். எம்எம்ஏயில் அது செல்லும். 2004 ஜூனில், ஜப்பானின் ப்ரைட் மேடையில், ரிக்கார்டோ அரோனா கீழிருந்து க்விண்டன் ஜாக்சனுக்கு ட்ரையாங்கிள் போட்டுக்கொண்டிருந்தார். ஜாக்சன் அவரைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டார். அரோனா அங்கேயே நினைவிழந்தார். வகுப்பில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தக் காட்சியை மூன்று தடவை ஓட்டினார் கோச். என்னைப் பார்க்கவே இல்லை, ஆனால் எனக்காகத்தான்.

ஜூன் 26, வியாழன்

யாரைப் பார்த்துப் பழகுவது என்பதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: ஜியு-ஜிட்சுவிலிருந்து எம்எம்ஏக்கு வந்த டெமியன் மாயா. 2016 ஆகஸ்டில் வான்கூவரில் கார்லோஸ் கான்டிட்டை இரண்டு நிமிடத்துக்குள் கழுத்தைப் பிடித்து முடித்த சண்டையை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். ஒற்றைக் காலைப் பிடிக்கிறார். கிடைக்காவிட்டால் ஹாஃப் கார்டில் (எதிராளியின் ஒரு காலை மட்டும் பூட்டி) உட்கார்கிறார், ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஒரு கணம்கூடத் தங்குவதில்லை. படிக்கட்டில் கால் வைக்கிற மாதிரி, அடுத்த படி மேலே. கீழே போவதே மேலே வருவதற்குத்தான்.

சரி, மாயாவுக்கும் முடியாத நாள் உண்டு. அடுத்த வருடம் டைரன் உட்லியை ஐந்து ரவுண்டிலும் ஒரு தடவைகூட அவரால் கீழே தள்ள முடியவில்லை. தள்ள முடியாவிட்டால் மீதி எதுவும் நடக்காது. வாரத்தில் மூன்று நாள் டேக்டவுன் (கீழே தள்ளுவது), இரண்டு நாள் பாக்ஸிங், ஒரே நாள் உருளல் என்று கோச் அட்டவணையை மாற்றியது ஏன் என்று இப்போது புரிகிறது.

காலேஜ் பையனுக்கு ஹீல் ஹுக்குக்குப் பேர்போன ரயன் ஹால் மேல் பைத்தியம். 2018 டிசம்பரில் ஹால் உருண்டு வந்து பி.ஜே. பென்னின் குதிகாலைப் பிடித்துத் திருகியது அழகுதான், மறுக்கவில்லை. அதே உருளலை 2021 ஜூலையில் இலியா டோபூரியாவிடம் காட்டினார், முதல் ரவுண்டிலேயே குத்து வாங்கிப் போனார். அதுவும் எங்கள் போட்டியில் ஹீல் ஹுக்கே இல்லை. சொன்னால் தம்பி கேட்பதில்லை.

என் பயம் வேறு. ரொடோல்போ வியெய்ரா ஜியு-ஜிட்சுவில் பலமுறை உலக சாம்பியன். 2021 பிப்ரவரியில் ஆந்தனி ஹெர்னாண்டஸைத் தொடக்கத்தில் கீழே போட்டு ஆதிக்கம் செலுத்தியவர், மூச்சு வாங்கிப்போய், இரண்டாவது ரவுண்டில் கிலட்டினில் (முன்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி) மாட்டி, தோல்வி என்று அவரே தட்டிவிட்டார். உலக சாம்பியனுக்கே அந்தக் கதி. இன்று மூன்றாவது ரவுண்டு ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டை) என் முன்கை இரண்டும் கல்லாக இறுகிப்போனது. எல்லாப் பிடியையும் முழுப் பலத்தோடு பிடிக்கிறேன். சட்டைத் துணியைப் பிடித்துத் தொங்கிப் பழகிய கை.

ஜூலை 5, சனி

கடைசி முழு ஸ்பாரிங் முடிந்தது. இடது கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம். "ஆபீஸ்ல என்ன சொல்லப்போறீங்க?" என்றாள் மனைவி. படியில் விழுந்தேன் என்று சொல்வதாக இருந்தேன். "போன மாசமும் படிதான்" என்று ஞாபகப்படுத்தினாள்.

எடை 71.8. ராத்திரி சோறு இல்லை என்றதும் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வத்தக்குழம்பைச் சுடவைத்து வாசனை கூடம் வரை வரும்படி பார்த்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி, இரவு

தோற்றுவிட்டேன். நடுவர்கள் 2-1.

முதல் ரவுண்டு என்னுடையது. கூண்டோடு ஒட்டி, காலை இடறி விழவைத்து, முதுகில் ஏறினேன். க்ளவுஸ் தாடையில் முட்டியது. உள்ளங்கையைக் கோப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றாவதில் இரண்டு தடவை கீழே போய் இரண்டு தடவையும் கம்பியோரம் எழுந்தேன். இரண்டாவதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். உதடு தையல் போடும் அளவுக்கு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ரயிலில் திரும்பும்போது வியாசர்பாடி அண்ணன் போனை வாங்கி வீடியோ பார்த்தார். இரண்டாவது ரவுண்டில் தொடையில் ஒரு உதை வாங்கியதும் அவசரமாகக் காலைப் பிடிக்கப் பாய்ந்தேன், அவன் மேலே சரிந்து அமுக்கினான். நான் திரும்பி, இரண்டு காலையும் அவன் இடுப்பில் பூட்டினேன். பூட்டியதும் என் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. திண்ணைக்கு வந்துவிட்டேன் என்கிற முகம். மூச்சு விட்டுக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு விநாடி. வலது கை இரண்டு தடவை அவன் மணிக்கட்டைத் தேடிப் போகிறது, சட்டை இருக்கிற மாதிரி. அவன் நிமிர்ந்து அடித்துக்கொண்டே இருக்கிறான்.

அண்ணன் ஓரிடத்தில் படத்தை நிறுத்தி, அவன் நெஞ்சுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. காட்பாடியில் இறங்கி டீ வாங்கி வந்தார், எனக்கு மட்டும் ஆறவைத்து, உதட்டுக்காக.

ஜூலை 16, புதன்

உடம்பு பரவாயில்லை. மாலை கி உடை வகுப்புக்குப் போனேன். ஆறு வாரமாக அலமாரியில் கிடந்த கியில் நாப்தலின் வாடை. புதிதாகச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பட்டைத் தம்பியோடு உருளல். அவன் சட்டைக் கையைப் பிடித்து உட்கார்ந்தேன், மல்லாந்தேன், காலைப் பூட்டப்போனேன். பாதம் இரண்டும் தானாக அவன் இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தன. தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். தம்பி பயந்துபோய், "அண்ணா, நான் ஏதாச்சும் தப்பா பண்றேனா?" என்றான்.

கோச் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "ஏம்பா, இங்க எதுக்கு எழுந்துக்கற? படு."

படுத்தேன். சட்டைத் துணி விரலுக்குள் கெட்டியாக இருந்தது.