போட்டோவின் பின்பக்கம்

நேற்று ராத்திரி எங்கள் ஊர் இணையதளத்தில் நானூறாவது போட்டோவை ஏற்றினோம். மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது. பந்தல் வாசலில் ஏழு பெண்கள் நிற்கிறார்கள், ஓரத்தில் ஒரு பையன், பாதி உடம்பு மட்டும் தெரிகிறது. ஏழு பேர் பெயரையும் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. பையன் யாரென்று இன்னும் தெரியவில்லை. அதனால் படக்குறிப்பில் அவன் இடத்தைக் காலியாக விட்டு, "தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறோம்.

ஊர் தரங்கம்பாடி. இணையத்தில் தேடினால் முதலில் வருவது டேனிஷ் கோட்டைதான், அப்புறமும் கோட்டைதான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது, 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கியது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது, 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களுக்கு விற்றது, இதையெல்லாம் பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்காக மனப்பாடம் செய்தவள் நான். இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் தெருக்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. கோட்டைப் படங்களில் நாங்கள் இருக்கிறோம், இல்லாமல் இல்லை. முன்னால் படகு, காயப்போட்ட வலை, குனிந்து மீன் பொறுக்கும் யாரோ. கீழே "மீனவர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். குனிந்திருப்பது யார் வீட்டுப் பெரியப்பா என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும், யாரும் கேட்டதில்லை.

சீகன்பால்க் இங்கே வந்தபோது அவருக்கு 24 வயதுகூட முடியவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு எழுத்துக் காட்டிக் கொடுத்த பிள்ளைகள் யார்? அந்தப் பெயர்களை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. தளம் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஐந்து வயது. அன்று சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், எங்கள் ஊரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான்: வீட்டோடு போட்டோக்களும் போயின. ட்ரங்க் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்த ஆல்பம், சுவரில் மாலை போட்டுத் தொங்கிய கட்டை பிரேம் படம், ஸ்டுடியோக்காரர் கொடுத்த நெகட்டிவ், எல்லாம். என் தாத்தா முகம் எனக்கு நினைவில் இல்லை. பார்த்துக்கொள்ள ஒரு போட்டோவும் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே நிலைமைதான்.

2022இல் பொறையாறு அத்தை வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு கல்யாண ஆல்பம் கிடைத்தது. பக்கங்கள் ஒட்டிப்போய், மேலே போடும் அந்த வெண்ணெய்த்தாள் பழுப்பேறிப்போய். நடுவில் பந்திப் படம். இலைக்கு முன்னால், மேல்துண்டை மடியில் போட்டுக்கொண்டு, சாம்பார் ஊற்றுகிறவரை நிமிர்ந்து பார்க்கிறார் ஒருவர். அத்தை விரலை வைத்து, "இதோ உங்க தாத்தா" என்றாள். அன்று ராத்திரி அதைப் போனில் படம் எடுத்து எங்கள் தெருப் பிள்ளைகள் குழுவில் போட்டேன். விடிவதற்குள் எட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள், அந்த ஆல்பத்தில் எங்கள் வீட்டு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று.

அங்கிருந்துதான் வேலை தொடங்கியது. நாங்கள் ஒன்பது பேர். காரைக்காலில் எஞ்சினியரிங் படிக்கிறவன், ஐடிஐ முடித்தவன், விடியற்காலை கடலுக்குப் போய்விட்டு வந்து மதியம் ஸ்கேன் செய்கிறவன், நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள், அப்புறம் நான், மற்றவர்கள். முதலில் புரிந்துகொண்டது, நம் ஊர்ப் போட்டோவை நம் ஊரில் தேடிப் பயனில்லை என்பதுதான். கடலோரத்துச் சொந்தக்காரர்களிடமும் இருக்காது, அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் புகுந்தது. உள்ளே தள்ளி வாக்கப்பட்டுப் போன அத்தைகள், சித்திகள், கூடப் படித்த சிநேகிதிகள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்கள், அவர்களுக்குக் கடிதத்தோடு வீட்டிலிருந்து அனுப்பிய படங்கள், அங்கேதான் எங்கள் ஊர் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒருவர் பர்சில் முப்பது வருஷமாக மடித்து வைத்திருந்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார், நடுவில் மடிப்பு விழுந்து வெள்ளைக்கோடு ஓடுகிறது, அந்தக் கோட்டை அழிக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறோம்.

போட்டோ கிடைப்பது பாதி வேலைகூட இல்லை. பெயர்தான் வேலை. என் சிநேகிதியின் ஆயாவுக்குக் கண் மங்கல். போனில் முகத்தை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டினாலும் "தெரியலடி" என்றுதான் சொன்னார். சரி, அடுத்த படத்துக்குப் போகலாம் என்று தள்ளும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். "இது என் சேல. கரையப் பாரு. அவளுக்குப் பட்டு கெடையாது, எங்கிட்டதான் இரவல் வாங்கிட்டுப் போனா." சேலையிலிருந்து ஆள் வந்தது, ஆளிலிருந்து கல்யாணம் வந்தது, கல்யாணத்திலிருந்து வருஷம் வந்தது. அப்புறம் அந்தக் கல்யாண வீட்டில் மொய் நோட்டைக் கேட்டு வாங்கி வந்தோம். மொய் நோட்டைப் போல ஓர் ஆவணம் கிடையாது. வந்தவர் பெயர், அப்பா பெயர், ஊர், எழுதிய தொகை எல்லாம் வரிசையாக இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பந்திப் படத்தை ஒவ்வொரு இலையாகப் பார்த்தால் பாதி முகங்களுக்குப் பெயர் கிடைத்துவிடும். தொகையை மட்டும் தளத்தில் போடுவதில்லை, அது அந்தந்த வீட்டுக் கணக்கு.

போட்டோவுக்கு அடுத்து சொற்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரம் குறைந்தது. மரம் குறைந்தால் மரத்தோடு இருந்த பேச்சும் குறையும். அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம் என்று என் தம்பிக்குச் சொல்லித்தான் தெரியும். பெரியவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். கரையில் வைத்துப் பதிந்தால் காற்று இரைச்சலில் குரலே கேட்கவில்லை. சரி என்று ஒரு தாத்தாவை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் உட்காரவைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டுக் காற்றுகளைப் பற்றிக் கேட்டோம். வியர்வை வழிய இரண்டு வார்த்தை சொன்னார், அதற்கு மேல் வரவில்லை. "கரைக்கு வாங்க, சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். கரையில் நின்றதும் கை தானாக நீண்டது. வடக்கே காட்டி வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையோரம் வரும், எதற்கு வலையை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார், கை ஒரு நிமிஷம்கூடக் கீழே இறங்கவில்லை. அன்றிலிருந்து குரல் மட்டும் பதிவதை விட்டுவிட்டோம், வீடியோதான். போன் மைக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் இரைச்சல் ஓரளவு அடங்கும்.

தொழில்நுட்பத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸ்தான். பழைய திருவிழா நோட்டீஸ் ஃபைல்கள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்ததால் திறந்தால் கிறுக்கலாகத் தெரிந்தன, மாற்றிப் பார்த்து, வராததைத் திரும்பத் தட்டினோம். ஒரு விஷயம் மட்டும், இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, ஒரே ஒரு ஆள் மின்னஞ்சலில் இருந்தது, அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல்களை யாரும் பார்க்கவில்லை, ஒன்பது நாள் தளமே இல்லை. அந்த ஒன்பது நாளும் ஆயாக்கள் "போட்டோவெல்லாம் மறுபடி போயிடுச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியவில்லை. இப்போது மூன்று பேருக்குக் கடவுச்சொல் தெரியும், இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று எங்கள் தெருவில், இன்னொன்று பொறையாறு அத்தை வீட்டுப் பரணில்.

நானூறில் சேராத ஒரு போட்டோ உண்டு. வேறொரு வீட்டுக் கல்யாணப் பந்தி, இலை வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பையன், கையில் அப்பளம். ஏற்றிய மூன்றாம் நாள் ஒரு அம்மா எங்களைத் தேடி வந்தார். அலையில் போன அவருடைய மகன் அவன். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டியிருக்கிறாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "இத எல்லாரும் பாக்க வேணாம், எனக்கு மட்டும் குடுங்க" என்றார். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அது ஆல்பத்துக்காரர் படம், அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், ஊர் வரலாறு, எடுக்கக் கூடாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் எடுக்க வேண்டும் என்றேன், இன்றும் அதையேதான் சொல்வேன். ஆல்பத்துக்காரரே "எடுத்துடுங்கம்மா" என்றதும் பேச்சு முடிந்தது. மயிலாடுதுறைக்குப் போய்ப் பெரிதாக்கி பிரேம் போட்டு வந்து கொடுத்தோம்.

அடுத்த மாதம் காரைக்கால் பக்கம் மூன்று வீடுகளுக்குப் போகிறோம். தரங்கம்பாடியில் பிறந்தவர்களோ, இங்கே பெண் கொடுத்து எடுத்தவர்களோ இதைப் படித்தால், பரணை ஒரு தடவை பாருங்கள். 2004க்கு முந்தியது எதுவாக இருந்தாலும் சரி, மங்கலாக இருந்தாலும் சரி, கரையான் அரித்திருந்தாலும் சரி. ஒட்டியிருக்கும் பக்கங்களைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு அப்படியே படம் எடுத்தால் போதும். தனிப் படமாக இருந்தால் திருப்பி, பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பேனாவில் எழுதிய தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.