மஞ்சக்குப்பத்து மேசைக் கணினியில் ஸ்டாக்ஃபிஷ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, எங்கள் வீட்டுக் கூடத்து மேசைக் கணினி விண்டோஸ் 11-க்குத் தேறாது என்பது எனக்கு முன்பே தெரியும். அதில் இருப்பது மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5. புதிய விண்டோஸோ இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. எனவே தீபாவளி விடுமுறையில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04-ஐ நிறுவினேன். படங்கள், கடிதங்கள், வரிக் கணக்கு எல்லாம் அரை நாளில் குடிபெயர்ந்துவிட்டன; ஆட்டத்தை ஆராய்ந்து நல்ல நகர்த்தலைச் சொல்லும் சதுரங்க இன்ஜின்கள்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கின.

அவற்றில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷின் இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸில் இஎக்ஸ்இ என்று பெயர் முடிந்தாலே போதும். லினக்ஸில் ஒரு கோப்பு இயங்கலாம் என்று அதன் உரிமையாளர் அனுமதி கொடுத்தாக வேண்டும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் ஒரு வரி தட்டி அந்த அனுமதியைக் கொடுத்த பிறகும், க்யூட் செஸ் என்ற பலகை மென்பொருளில் இன்ஜினைச் சேர்த்தால் அது எழுந்த வேகத்திலேயே விழுந்தது. அருகில் நின்ற அக்கா மகன், "மாமா, இன்ஜின் செத்துடுச்சா?" என்றான். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவனுக்கு, பள்ளிப் போட்டியில் தான் தோற்ற ஆட்டத்தை மறுநாளுக்குள் பார்த்தாக வேண்டிய அவசரம்.

பலகை மென்பொருள் காரணம் சொல்லவில்லை. டெர்மினலில் நேராக இயக்கியபோதுதான் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற ஒற்றை வரி வந்தது. காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை மாதிரி ஒலித்தாலும் விஷயம் எளியது. ஸ்டாக்ஃபிஷ் ஒரே இன்ஜின் என்றாலும் அது வெவ்வேறு செயலிகளுக்கேற்ற பல கட்டமைப்புகளாகக் கிடைக்கிறது. புதுசாக இருக்கட்டும் என்று நான் ஏவிஎக்ஸ்2 என்று குறித்திருந்ததை எடுத்திருந்தேன். அந்தக் கட்டளைத் தொகுதி இன்டெல்லில் 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் அறிமுகமானது. என் கணினி அதற்கு ஒரு தலைமுறை முந்தையது. தெரியாத கட்டளையைக் கேட்டதும் கையை விரித்துவிட்டது. பிழை முழுக்க என்னுடையது. பழைய செயலிகளுக்கான, எஸ்எஸ்இ41-பாப்கவுன்ட் என்று குறித்திருந்ததை எடுத்ததும் இன்ஜின் முனகாமல் ஓடியது.

இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இயங்குதளத்தை மாற்றியதால் இன்ஜினின் மூளை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 2000 நவம்பரில் வெளியான யுசிஐ நெறிமுறைப்படி, பலகையும் இன்ஜினும் பேசிக்கொள்வது வெறும் எழுத்து வரிகளில்தான். பலகை 'இஸ்ரெடி' என்று கேட்கும், இன்ஜின் 'ரெடிஓகே' என்று பதில் தரும்; அந்த உரையாடலுக்கு விண்டோஸும் ஒன்றுதான், லினக்ஸும் ஒன்றுதான். இதைச் சோதித்துப் பார்க்க ஸ்டாக்ஃபிஷுக்குள்ளேயே வழி இருக்கிறது. டெர்மினலில் 'பெஞ்ச்' என்று தட்டினால், அது தனக்குள் வைத்திருக்கும் நிலைகளை ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை இழையில், குறித்த ஆழம் வரை ஆராய்ந்து, மொத்தம் எத்தனை நிலைகளைத் தேடியது, நொடிக்கு எத்தனை என்று இரண்டு எண்களைக் காட்டும். ஒரே பதிப்பாக இருந்தால் முதல் எண் எந்தக் கணினியிலும் எந்தக் கட்டமைப்பிலும் மாறக் கூடாது. விண்டோஸை அழிப்பதற்கு முன் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்து வைத்திருந்தேன். உபுண்டுவில் வந்த எண்ணை அதனருகே எழுதினேன். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது. நொடிக்கு எத்தனை நிலைகள் என்ற நொடிக்கணக்கில் மட்டும் சிறு வித்தியாசம். அதற்காக யாரும் இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை.

வேகத்தை உண்மையில் தீர்மானித்தவை வேறு. எந்த இயந்திரத்திலும் ஓடட்டும் என்று தரப்படும் பொதுக் கட்டமைப்பையும் ஓட்டிப் பார்த்தேன். என் செயலிக்குப் பொருந்தியதோடு ஒப்பிட்டால் அது மாட்டு வண்டி. அடுத்தது, ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக்கொள்வது ஒரு த்ரெட்டும், ஆராய்ந்த நிலைகளை நினைவில் வைத்துக்கொள்ள 16 எம்பி ஹாஷும்தான். பழைய அமைப்பில் இவற்றை என்றோ மாற்றியிருந்ததை மறந்து, புதியது மந்தம் என்று ஒரு வாரம் புலம்பியிருக்கிறேன். நான்கு கோர்களில் மூன்றை இன்ஜினுக்குக் கொடுத்து, 8 ஜிபி நினைவகத்தில் 2 ஜிபியை ஹாஷுக்கு ஒதுக்கியதும் புலம்பல் நின்றது.

காய்கள் குறைந்த நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும், சிசிஜி எனப்படும் இறுதியாட்ட அட்டவணைகளில் இன்னொரு இடறல். ஐந்து காய்கள் வரையிலான தொகுப்பு சுமார் 1 ஜிபி. ஆறு காய்களுக்கு 150 ஜிபி அளவுக்கு வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. கோப்புகள் சரியாகப் படிக்கப்பட்டால் 145 அட்டவணைகள் கிடைத்ததாக இன்ஜின் அறிவிக்கும். முதல் நாள் 145 வந்தது. கணினியை அணைத்துப் போட்ட மறுநாள் 0. அவை இருந்த பழைய வட்டுப் பகுதி, நானே போய்த் திறக்கும் வரை லினக்ஸில் இணைக்கப்படாமல் கிடந்ததுதான் காரணம். கோப்புறையை வீட்டு அடைவுக்கே நகர்த்திவிட்டேன். இரண்டு கோப்புறைகள் வைத்திருப்பவர்கள், விண்டோஸில் அவற்றுக்கு நடுவே இடும் அரைப்புள்ளி இங்கே முக்காற்புள்ளியாக மாற வேண்டும் என்பதையும் கவனிக்கவும்.

ஐப்பசி மழையில் தெரியாத ஒன்று சித்திரையில் தெரிந்தது. மூன்று கோர்களும் முழுமூச்சில் ஓடும்போது செயலியின் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டி, நொடிக்கணக்கு தானாக இறங்கத் தொடங்கியது. பெட்டியைத் திறந்தால், கடற்காற்று கொண்டுவந்த பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, செயலியைக் குளிர்விக்கும் ஹீட்சிங்கின் இடுக்குகள் கம்பளி போர்த்தியது போல் அடைத்திருந்தன. பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, லாரன்ஸ் ரோட்டுக் கடையில் வாங்கிய தெர்மல் பேஸ்ட்டைத் தடவியதில், எந்த இயங்குதளமும் தராத வேகம் திரும்பி வந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு மருமகன் கேட்டது, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியனான பதினான்காம் ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் வெள்ளையாக ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5-இல் நிறுத்த, அந்த ஜோடியும் வெட்டுப்பட்டு, வெள்ளைக்குத் தோற்ற சிப்பாய் ஆட்டம்தான் மிஞ்சியது. நான் வேண்டுமென்றே மெதுவான பொதுக் கட்டமைப்பை, ஒரே த்ரெட்டில், 16 எம்பி ஹாஷுடன் ஓட்டினேன். மருமகன் மவுஸிலிருந்து விரலை எடுப்பதற்குள், டிராவை ஒட்டியிருந்த மதிப்பெண் கருப்பின் பக்கம் சரிந்துவிட்டது.

"இதுக்காகவா மாமா ரெண்டு ஞாயிறு உட்கார்ந்தீங்க?" என்றான். அவனுடைய தோற்ற ஆட்டத்தைத் திறக்கச் சொன்னேன்.