காந்தம் ஒட்டாத சம்படம்

போன ஆடித் தள்ளுபடியில் வேலூர் லாங் பஜாரில் ஒரு எவர்சில்வர் சம்படம் வாங்கினேன், புளிக்காய்ச்சல் போட்டு வைக்க. கடைக்காரர் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாருங்கக்கா, அசல் சரக்கு" என்றார்.

நாலே மாதம். அடியில் ஊசி குத்தினாற்போல் பழுப்புப் புள்ளிகள். விம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நகத்தால் வருடினால் குழி குழியாகத் தட்டுப்பட்டது. அதில் ஊறியதைத்தான் பிள்ளைகளுக்குப் பிசைந்து கொடுத்திருக்கிறேன் என்று வயிற்றைக் கலக்கியது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அது பாதி உண்மைதான். 304 என்கிற ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 18/8 என்று போடுவது இதைத்தான். நிக்கல் விலை ஜாஸ்தி. அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினால் 202 மாதிரியான 200 வரிசை. இதுவும் காந்தத்தில் ஒட்டாது, பளபளப்பிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உப்புக்கும் புளிக்கும் 304 அளவு தாக்குப்பிடிக்காது. குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலம் கட்டித்தான் துருவைத் தடுக்கிறது. உப்பிலிருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். 304-ஐக்கூட விடாது. அதனால் பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடியில் தங்கவிடாதீர்கள், கொதி வந்தபின் போட்டுக் கலக்குங்கள்.

கத்தி விஷயம் நேர் எதிர். புதுக் கத்தியில் காந்தம் கப்பென்று ஒட்டியதும் அத்தை "இது மட்டமான சரக்கும்மா" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். "இல்லத்தை, கத்தின்னா ஒட்டத்தான் செய்யும்" என்றேன். பெரும்பாலான எவர்சில்வர் கத்திகள் 420 போன்ற, காந்தத்தில் ஒட்டும் ரகம். குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டி, கூடவே கார்பன். அந்தக் கார்பன் இருப்பதால்தான் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால் இரும்பு இறுகிக் கூர் நிற்கும். 304-ஐ அப்படி இறுக வைக்க முடியாது. ஆனால் கத்திக்குத் துரு சீக்கிரம் வரும், ஈரத்தோடு போடக் கூடாது.

நேற்று இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்தது. அத்தை அந்தக் கத்தியில்தான் காம்பை நறுக்கினார், கழுவி முந்தானையிலேயே துடைத்து மாட்டினார். புளிக்காய்ச்சல் இப்போது பீங்கான் ஜாடியில். சம்படத்தில் ரவை.